ஊறாத கடலையும் பச்சைக் கட்டமும்

அண்டாவின் மூடியைத் திறந்தபோது ஆவி வரவில்லை.

எங்கள் ஊர் கிராம சபையில் அந்த மூடி திறக்கிற நொடிக்கு ஒரு தனி மரியாதை உண்டு. மூடி திறக்கும். ஆவி எழும். தாளித்த கடுகும் தேங்காயும் சேர்ந்த வாசனை சமுதாயக் கூடத்தின் கடைசி வரிசை வரைக்கும் போகும். நாற்காலிகள் கிறீச்சிடும். கூட்டம் முடிந்தது என்று யாரும் அறிவிக்க மாட்டார்கள். அறிவிக்கத் தேவையே இல்லை.

அன்றைக்கும் மூடி திறந்தது. ஒன்றும் எழவில்லை. எங்கள் தெரு எஸ்தர் அக்கா கரண்டியை உள்ளே விட்டு ஒரு வாரு வாரி, மேடை மேசையில் இருந்த எவர்சில்வர் தட்டில் கவிழ்த்தார்.

கலகலவென்று ஒரு சத்தம். தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவது போல. அத்தனையும் காய்ந்த கொண்டைக்கடலை. சில கடலைகள் தட்டைத் தாண்டிக் குதித்து, மேசையில் உருண்டு, ஊராட்சித் தலைவரின் மைக்கில் முட்டி நின்றன.

ஊராட்சித் தலைவர் என் அத்தை. நைனாவுடைய, அதாவது என் அப்பாவுடைய, சொந்த அக்கா. அவர் கடலையைப் பார்த்தார். பிறகு, டிவிக்குப் பக்கத்தில் ரிமோட்டோடு நின்ற என்னைப் பார்த்தார். ‘இது உன் வேலைதானே?’ என்கிற பார்வை.

சத்தியமாக என் வேலை இல்லை. என் வேலை டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. அதையும் ஒருத்தர் மாற்றி வைத்திருந்தார். அதற்குத்தான் நான் எரிந்துகொண்டிருந்தேன். கடலையைப் பார்த்ததும் எனக்கும் வாய் பிளந்துதான் போனது.

ஊர் பெயர் போடக் கூடாதாம்

போன வாரம் என் கல்லூரி ரயில் கதையை எழுதினேன் அல்லவா? படித்துவிட்டு நைனா இன்னமும், “மூணு வருசமும் படிக்கட்டுலயா நின்னுகினு போனே?” என்று சாப்பிடும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறார். இந்த வாரம் அத்தையின் முறை என்று தெரிந்ததும் அம்மா ஒரே ஒரு கண்டிஷன் போட்டாள்.

“இன்னா வேணா எழுது. ஊர் பேரு மட்டும் போடாத. எனக்கு நாத்தனார் வேணும்.”

சரி, பெயர் இல்லை. திருத்தணியில் பஸ் ஏறி, கே.ஜி.கண்டிகைக்கு முன்னால் இறங்கி, நிழல் தேடி நின்றால் ஒரு ஷேர் ஆட்டோ வரும். அது நைனாவின் ஆட்டோவாக இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. உட்கார்ந்தால் கொண்டுவந்து இறக்கிவிடுவார். அரசியல் பேசுவார். பதில் பேசாதீர்கள்.

ஊர் ஒரு சரிவு. கீழே கீழ்த்தெரு, நடுவில் நடுத்தெரு, மேலே மேட்டுத்தெரு. எங்கள் வீடு மேட்டுத்தெருவில். நைனா இடம் வாங்கிய காலத்தில் அங்கேதான் விலை மலிவு. வாங்கும்போது எவனும் தண்ணீர் பற்றிச் சொல்லவில்லை, காற்று நன்றாக வரும் என்றுதான் சொன்னான். காற்று உண்மையிலேயே நன்றாக வரும். மொட்டை மாடியில் நின்றால் திருத்தணி மலை விளக்கு தெரியும். ஆடிக் கிருத்திகைக்குப் போகிற காவடிக் கூட்டத்தின் பம்பைச் சத்தம் ரோட்டிலிருந்து ஏறி வரும். தெருமுனையில் சர்ச். கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை எஸ்தர் அக்கா வீட்டில் மாட்டுவதற்கு ஏணி எங்கள் வீட்டிலிருந்துதான் போகும்.

எல்லாம் ஏறி வரும். தண்ணீர் மட்டும் ஏறாது.

சுண்டல் சட்டம்

இங்கே ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். இல்லையென்றால் கடலை உருண்டதன் கனம் புரியாது.

நான் ஸ்கூல் படித்த காலத்தில் கிராம சபைக்கு ஆள் வராது. தலைவர், செயலர், வழி தவறி வந்த இரண்டு ஆடு. அப்போது யாரோ ஒரு புத்திசாலி சுண்டல் போடலாம் என்றார். போட்டார்கள். கூட்டம் வந்தது. ஆனால் வந்ததும் சுண்டலை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டிவிட்டது. உடனே சுண்டலைக் கடைசிக்குத் தள்ளினார்கள். அன்றிலிருந்து சுண்டல் வருகிற நேரம்தான் கடைசி என்று ஆனது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத சட்டம். ஆனால் எங்கள் ஊரில் மீற முடியாத ஒரே சட்டம் அதுதான்.

டீக்கடை நாகராஜ் அண்ணன்தான் இந்தச் சட்டத்துக்குப் பலியான முதல் ஆள். ஒரு கூட்டத்தில் எழுந்து, “சுடுகாட்டுக்குப் போற பாதையில…” என்று ஆரம்பித்தார். அண்டா வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் கேட்பதற்கு ஆள் இல்லை, எல்லாரும் வரிசையில் நிற்கிறார்கள். அவரும் போய் நின்றார். அந்த வாக்கியம் அப்படியே பாதியில் பல வருஷம் தொங்கிக்கொண்டிருந்தது.

ஊராட்சிச் செயலர் குமரேசன் சாருக்கு இந்த நுணுக்கம் அத்துப்படி. சிக்கலான கேள்வி வருகிற மாதிரி தெரிந்தால் வாசல் பக்கம் பார்த்து லேசாகத் தலையை அசைப்பார். அண்டா உள்ளே வரும். கேள்வி வெளியே போகும்.

சுண்டல் செய்வது எங்கள் மேட்டுத்தெரு மகளிர் குழு. எஸ்தர் அக்கா தலைவி, அம்மா வலது கை. முதல் நாள் சாயங்காலம் ஊராட்சி ஆபீஸிலிருந்து கடலை மூட்டை வரும். ராத்திரி ஊறும். காலையில் வேகும். மேட்டுத்தெருச் சுண்டல் என்றால் நடுத்தெருக்காரன்கூடக் குறை சொல்ல மாட்டான். நடுத்தெருக்காரன் கல்யாணப் பாயசத்தையே குறை சொல்கிறவன்.

பச்சை, மஞ்சள், சிவப்பு

இப்போது என் பாகம்.

டிகிரி முடித்துவிட்டுப் பரீட்சை, அப்ளிகேஷன் என்று திரிந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் அத்தை கூப்பிட்டார்.

“நிம்மி, இந்த வருசம் நம்ம ஊராட்சி இன்னா சொல்லுச்சு, இன்னா செஞ்சுதுன்னு கிராம சபையில டிவில காட்டணும்டி. நீதான் காலேஜெல்லாம் முடிச்சிட்டு சொம்மா குந்திகினு இருக்கியே. பண்ணிக் குடு.”

சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்பதை மட்டும் நான் ஏற்கவில்லை. மற்றபடி குஷியாகிவிட்டேன்.

வருஷ ஆரம்பத்தில் ஊராட்சி வைத்த இலக்குகள் ஒரு பக்கம், நடந்தது மறுபக்கம், கடைசியில் ஒரு கலர் கட்டம். முடிந்தால் பச்சை, பாதி என்றால் மஞ்சள், நடக்கவில்லை என்றால் சிவப்பு. பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் சிக்னல் தெரியும். ஐடியா என்னுடையது. பெருமையாகத்தான் சொல்கிறேன்.

செயலர் சார் ஆபீஸிலேயே உட்கார்ந்து செய்யச் சொன்னார். நான் ஊரைச் சுற்றினேன்.

தெரு விளக்கு: எல்லாம் எரிகிறது. அத்தை ஒவ்வொரு கம்பத்துக்கும் கீழே நின்று போட வைத்தவர். பளிச்சென்று பச்சை. குப்பை வண்டி: மணி அடித்துக்கொண்டு வருகிறது. பச்சை. மரக்கன்று: நட்டார்கள், ஆடு தின்றது, மறுபடியும் நட்டார்கள், அதே ஆடு. மஞ்சள். நடுத்தெரு கால்வாய்: தோண்டியாகிவிட்டது, மேலே பலகைக் கல் போடவில்லை, நைனாவின் ஆட்டோச் சக்கரம் ஒரு முறை உள்ளே இறங்கியது. மஞ்சள். சிவப்பு என்றுதான் நைனா அடம்பிடித்தார்.

வீட்டுக்கு வீடு குழாய். இங்கேதான் என் கை நின்றது.

குழாய் இருக்கிறது. பொய் சொல்லக் கூடாது. எங்கள் தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் நீல பைப்பும் குழாயும் இருக்கிறது. போட்டோவும் இருக்கிறது. ஒவ்வொரு வீட்டுக்காரரும் குழாயடியில் குடத்தோடு நிற்க, தண்ணீர் கொட்டுகிற போட்டோ. அம்மா கிருத்திகைப் புடவை கட்டிக்கொண்டு சிரிக்கிறாள். எடுத்த அன்று கீழ்த்தெரு, நடுத்தெரு குழாய்களையெல்லாம் மூடச் சொல்லிவிட்டுத்தான் எடுத்தார்கள். கீழே எல்லாரும் மூடினால்தான் தண்ணீர் மேலே ஏறும். போட்டோ எடுத்து முடித்ததும் கீழே திறந்தார்கள். எங்கள் தெருத் தண்ணீர் அன்றோடு சரி.

எஸ்தர் அக்கா வீட்டுக் குழாயில் இப்போது பால் பாக்கெட் பை மாட்டியிருக்கும். எங்கள் வீட்டுக் குழாயில் நைனாவின் ஆட்டோ துடைக்கிற துணி.

எங்களுக்குத் தண்ணீர் என்றால் ஊராட்சி அனுப்புகிற டேங்கர் டிராக்டர்தான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் மத்தியானம் வரும். அது வருவதற்கு முன்னால் இருந்த காலத்தில் கீழ்த்தெரு அடிபம்பிலிருந்து இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம் என்று அம்மா சரிவில் ஏறுவாள். இப்போதும் மழைக்காலம் வந்தால் அந்த இடுப்பு அவளைத் தூங்க விடுவதில்லை.

நான் சிவப்பு போட்டேன்.

“தண்ணி வேற திட்டம்மா”

அத்தை வீட்டில் பஞ்சாயத்து. மாமா பொதட்டூர்பேட்டையில் லுங்கி வியாபாரம். ஊராட்சி விஷயம் என்றால் அந்தப் பக்கம் தலைவைத்தே படுக்க மாட்டார், அன்றும் பஸ் ஏறிவிட்டார். அத்தை, செயலர் சார், நான். நடுவில் மூன்று டம்ளர் காபி.

“இன்னாடி இது செகப்பு?” என்றார் அத்தை.

“குழாய் அத்தை.”

“இலக்கு இன்னா? அல்லா வூட்டுக்கும் குழாய். குடுத்தாச்சா?”

“குடுத்தாச்சு.”

“அப்புறம் இன்னா?”

“தண்ணி வரலையே.”

செயலர் சார் காபியைக் கீழே வைத்தார். சின்னக் குழந்தைக்குக் கணக்குச் சொல்லித் தருகிற குரலில் சொன்னார்: “குழாய் ஒரு திட்டம்மா. தண்ணி வேற திட்டம்மா. நம்ம இலக்குல எங்கயாச்சும் தண்ணின்னு இருக்குதா பாரு.”

பார்த்தேன். உண்மையிலேயே இல்லை.

அத்தைக்கு ஒரு ஆசை இருந்தது. அதை மறைக்கவும் இல்லை. எல்லாக் கட்டமும் பச்சையானால் மாவட்டத்தில் நல்ல ஊராட்சி என்று மேடைக்குக் கூப்பிட்டுக் கேடயம் தருவார்கள். ஓட்டுக் கேட்டுப் போனபோது, “பொம்பளைக்கு இன்னா தெரியும்” என்று முகத்துக்கு நேரே சொன்னவர்கள் இந்த ஊரில் உண்டு. அவர்கள் தெரு வழியாக அந்தக் கேடயத்தை எடுத்துக்கொண்டு வரவேண்டும். நியாயமான ஆசைதான். நானாக இருந்தால் மேளமே வைத்திருப்பேன்.

“மஞ்சளாவது போடேண்டி.”

“மஞ்சள்னா பாதித் தண்ணியாச்சும் வரணும் அத்தை.”

“வாய் பாரு. அப்பிடியே உங்க அம்மா.”

பிறகு செயலர் சார்தான் விஷயத்தைப் போட்டு உடைத்தார். கிராம சபையில் குழாய் இலக்கு முடிந்தது என்று தீர்மானம் போட்டுவிட்டால், குழாய் கொடுத்த தெருவுக்கு டிராக்டர் அனுப்ப ரூல் கிடையாது. டிராக்டர் நிற்கும். மேலே தண்ணீர் ஏற்றுவதற்கு வேறு திட்டம் வரும்போது வரும்.

அதாவது என் கட்டம் பச்சையானால், அம்மாவின் இடுப்புக்கு மறுபடியும் குடம்.

அத்தைக்கு இது அதுவரை தெரியாது என்று அவர் முகத்தைப் பார்த்தே சொல்வேன். டம்ளரைச் சுற்றிச் சுற்றி வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. எழுந்து போகும்போது பொதுவாக ஒரு வார்த்தை சொன்னார்.

“பாத்து பண்ணுங்க.”

யாரைப் பார்த்துச் சொன்னார் என்று இன்றைக்கும் தெரியாது. எனக்குத்தான் என்று நான் எடுத்துக்கொண்டேன். சிவப்பை அப்படியே விட்டேன். தனக்குத்தான் என்று செயலர் சார் எடுத்துக்கொண்டார்.

கூட்டம்

கூட்டத்தன்று அம்மா எழுவதற்கு முன்னாலேயே நான் கிளம்பிவிட்டேன். டிவியில் ஒயர் மாட்ட வேண்டும், சத்தம் பார்க்க வேண்டும். பைலைச் செயலர் சார் ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்தே போட்டார். எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

கூடம் நிறைந்திருந்தது. முன் வரிசையில் பற்றாளர். அதாவது, கூட்டம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க ஒன்றிய அலுவலகத்திலிருந்து வருகிற அதிகாரி. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்தவர் என்பது அடிக்கடி வாசலைப் பார்த்ததிலேயே தெரிந்தது.

நான் மைக் பிடித்து விளக்கினேன். விளக்குக்குக் கைதட்டல். ஆட்டுக்குச் சிரிப்பு. கால்வாய்க்கு நைனா கடைசி வரிசையிலிருந்து, “அது செகப்பு!” என்று கத்தினார். அடுத்த பக்கத்துக்குப் போனேன். வீட்டுக்கு வீடு குழாய்.

பச்சை.

நல்ல பச்சை, கிளிப் பச்சை. எனக்குக் காது சூடாகிவிட்டது.

“இது நான் போட்டது இல்லை” என்றேன் மைக்கில். “நான் போட்டது சிவப்பு.”

கூடத்தில் சலசலப்பு. மேட்டுத்தெரு வரிசை நிமிர்ந்தது. செயலர் சார் பதறவே இல்லை. வாசல் பக்கம் பார்த்தார். லேசாகத் தலையை அசைத்தார்.

அண்டா உள்ளே வந்தது. ஒரு காதை எஸ்தர் அக்காவும் மறு காதை அம்மாவும் பிடித்திருந்தார்கள். மேலே வெள்ளைத் துணி. நாற்காலிகள் கிறீச்சிட்டன. என் கதை முடிந்தது என்றே நினைத்தேன்.

மூடி திறந்தது. மீதி உங்களுக்குத் தெரியும்.

கடலை உருண்டு நின்றதும் முதலில் வாயைத் திறந்தவர் பற்றாளர்தான். “என்னம்மா, வேகலையா?”

“வேகலைங்க சார்” என்றார் எஸ்தர் அக்கா, ரொம்பப் பணிவாக. “ஊறவே இல்லைங்க. ஊறணும்னா தண்ணி வேணும். நேத்து டிராக்டர் வரலை.”

செயலர் சார் அவசரத்தில் தன் வாயாலேயே மாட்டிக்கொண்டார்: “டிராக்டர் வரலைன்னா இன்னாம்மா? குழாய்ல புடிச்சி ஊற வெக்கறது!”

 மேட்டுத்தெரு மொத்தமும் சிரித்தது. அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. நடுத்தெருவுக்கும் தொற்றிக்கொண்டது. கீழ்த்தெருக்காரர் ஒருத்தர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. மேசையில் இருந்த காலிச் சொம்பை எடுத்து அவரிடம் நீட்டினாள். “வாங்க சார். எங்க வூட்டுக் குழாய்ல ஒரு சொம்பு நீங்களே புடிச்சிக் குடுங்க. இப்போவே ஊற வெக்கறேன். அல்லாரும் இருந்து துன்னுட்டே போவட்டும்.”

செயலர் சார் பேச்சை மாற்றப் பார்த்தார். “நாகராஜு, கடைலேர்ந்து பிஸ்கட்டு எடுத்துகினு வாப்பா.”

“கடைய மூடிட்டு வந்துகீறேன் சார்” என்றார் நாகராஜ் அண்ணன். “நானும் சுண்டலுக்குத்தான வந்தேன்?”

ஆக, சுண்டலும் இல்லை, பிஸ்கட்டும் இல்லை. கூட்டத்தை முடிக்க ஊரில் யாரிடமும் எதுவும் இல்லை. எழுந்தவர்கள் என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடியும் உட்கார்ந்தார்கள்.

அத்தை செயலரின் பக்கம் சாய்ந்தார். மெதுவாகத்தான் கேட்டார். மைக் ஆனில் இருந்தது.

“டிராக்டரை யாரு நிறுத்துனது?”

“தீர்மானம் எப்பிடியும் பாஸாயிடும்னு… நேத்தே சொல்லிட்டேன்மா. நீங்கதான் பாத்து பண்ண சொன்னீங்க.”

கூடம் முழுக்கக் கேட்டது. மனுஷன் டிராக்டரை ஒரு நாள் முன்னதாக நிறுத்தியதில், தன் கையில் இருந்த ஒரே ஆயுதமான சுண்டலையும் தானே பட்டினி போட்டிருந்தார்.

அத்தை ஒரு கடலையை எடுத்தார். வாயில் போட்டுக் கடித்தார். ‘டக்’ என்று மைக்கில் அடித்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். எங்கள் தெரு வரிசையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அம்மா சொம்பை இன்னும் கீழே வைக்கவில்லை.

“நிம்மி.”

“சொல்லுங்க அத்தை.”

“செகப்பு போடு.”

போட்டேன். கட்டம் சிவந்ததும் விழுந்த கைதட்டலை விளக்குக்கு விழுந்ததோடு ஒப்பிடவே முடியாது.

“அப்போ கேடயம்?” என்றார் செயலர் சார், தாங்க முடியாமல்.

“வந்தா வருது, வராட்டி போவுது. டிராக்டர் இன்னிக்கு மத்தியானம் மேட்டுத்தெருவுல நிக்கணும்.” பிறகு பற்றாளரிடம் திரும்பினார். “சார், அடுத்த வருசத்துக்கு இலக்கு எழுதிக்குங்க. குழாய்னு எழுதாதீங்க. மேட்டுத்தெருக் குழாய்த் தண்ணியில ஊறுன சுண்டல் இந்த மேசைக்கு வரணும்.”

பற்றாளர் பேனாவை வாயில் வைத்துக்கொண்டார். “அம்மா, சுண்டலையெல்லாம் இலக்குல எழுத முடியாதும்மா.”

“தீர்மானம் எங்களுது சார். எழுதுங்க.”

எழுதினார். பசியில் இருந்த மனிதர், அதற்கு மேல் வாதாடவில்லை.

அப்போதுதான் பின்னால் ஒரு நாற்காலி நகர்ந்தது. நாகராஜ் அண்ணன் எழுந்து நின்றார். “சும்மாத்தான் குந்திகினு இருக்கோம். அன்னிக்கு ஒண்ணு கேட்டுகினு இருந்தேன். சுடுகாட்டுக்குப் போற பாதையில…”

பல வருஷத்துக்குப் பிறகு அந்த வாக்கியம் முடிந்தது. பாதையில் முள்வேலி ஏறியிருக்கிறது, பாடை திரும்ப இடமில்லை என்பதுதான் கேள்வி. அதுவும் இலக்கில் ஏறியது.

கூட்டத்துக்கு அப்புறம்

“கீழ்த்தெருவுல ரெண்டு குடம் வாங்கி ஊற வெச்சிருக்கலாமே அக்கா?” என்று பிறகு எஸ்தர் அக்காவிடம் கேட்டேன்.

“வெச்சிருக்கலாம்டி. உங்க அம்மா குடத்தைக்கூட எடுத்துட்டா. நான்தான் வாணான்னேன். அல்லா வூட்டுலயும் குழாய் இருக்குதுன்னு டிவில போடப் போறாங்களாம், அப்புறம் நான் எதுக்குக் குடம் தூக்கணும்?”

அந்த வருஷம் கேடயம் வேறு ஊருக்குப் போனது. அத்தை இரண்டு நாள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, அம்மா கையால் காபி வாங்கிக் குடித்துவிட்டு, வாசல் குழாயில் தொங்கிய ஆட்டோத் துணியை எடுத்து நைனாவின் மேல் எறிந்துவிட்டுப் போனார். “குழாய்னு ஒரு மருவாதி வேணாமாடா?” என்று.

அதற்குப் பிறகு அவர் சும்மா இருக்கவில்லை. ஒன்றிய ஆபீஸுக்கு நடையாய் நடந்தார். எங்கள் தெருவுக்கென்று தனி லைனும் சர்ச்சுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தொட்டியும் வந்தது. காலையில் முதல் முறை மேட்டுத்தெருவுக்கு, அப்புறம்தான் கீழே. கீழ்த்தெருக்காரர்கள் முணுமுணுத்தார்கள். “ஏன், ஒரு வருசம் நீங்க ஏறிப் பாருங்களேன்” என்றார் அத்தை. முணுமுணுப்பு நின்றது. முழுசாக இல்லை, ஆனால் நின்றது.

அடுத்த வருஷக் கூட்டம். அதே கூடம், அதே டிவி. ரிமோட் என் கையில். பைலும் இந்த முறை என் கையில்தான்.

எல்லாக் கட்டத்தையும் காட்டிவிட்டுக் குழாயில் நிறுத்தினேன். சிவப்பாகவே விட்டிருந்தேன். தீர்மானம் அப்படித்தானே?

அண்டா வந்தது. மூடி திறந்தது. ஆவி எழுந்து மின்விசிறியில் பட்டுச் சிதறியது. கடுகு, தேங்காய், பச்சை மாங்காய்த் துருவல். எஸ்தர் அக்கா ஒரு கரண்டி எடுத்து அதே எவர்சில்வர் தட்டில் வைத்தார். சத்தமே வரவில்லை.

யாரும் எழவில்லை. மொத்த ஊரும் அத்தையின் வாயைப் பார்த்தது.

அவர் நான்கைந்து கடலையை வாயில் போட்டார். மென்றார். நிதானமாக, வேண்டுமென்றே நிதானமாக மென்றார்.

“உப்பு கம்மி” என்றார் மைக்கில்.

கடைசி வரிசையிலிருந்து அம்மாவின் குரல்: “உப்பு இலக்குல இல்லை அண்ணி!”

கூடம் அதிர்ந்தது. அத்தையும் சிரித்துவிட்டார். வாயைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் கையை ஆட்டினார்.

“ஆங், மாத்துடி.”

மாற்றினேன். பச்சை.

சுண்டல் தட்டுகள் வரிசையாகப் போயின. வாசல் திறந்துதான் இருந்தது. ஒருத்தரும் எழுந்து போகவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே தட்டை மடியில் வைத்துக்கொண்டு தின்றார்கள். நாகராஜ் அண்ணன் வாய் நிறையச் சுண்டலோடு எழுந்து நின்றார்.

“அடுத்த கட்டம் போடும்மா” என்றார். “சுடுகாட்டுப் பாதை.”